வீட்டுப் பொருள் காப்போம்: முனையில் பூத்த உப்பு



வீட்டில் உள்ள பொருள்களுள் நாம் அன்றாடம் பார்ப்பவற்றைத் துடைத்து வைக்கிறோம். மூடிக்கு அடியில் இருப்பவற்றையோ, அவை நின்றுபோகும் நாள் வரையில் நினைப்பதே இல்லை. காரின் முன்மூடிக்கு அடியில் ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டரி அத்தகையது. அதன் தலைமீது இரண்டு முனைகள் உள்ளன. அம்முனைகளில் உப்புப் போல ஏதோ பூத்துக் கிடப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டு, 'எல்லாப் பாட்டரியிலும் இருப்பதுதானே' என்று மூடியை மீண்டும் சாத்தியிருக்கலாம். அந்தப் பூப்பைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறேன். அதற்குக் காரணமாக அமைந்தது எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்த நிகழ்ச்சி.

ஒரு விடியற்காலை

கடலோர ஊர் ஒன்றில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் வாழ்கிறார். அம்மையாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் சிகிச்சை நடைபெறுகிறது. விடியற்காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் இருத்தல் வேண்டும். ஆசிரியரிடம் பழைய மாருதி 800 வண்டி ஒன்று உண்டு. அதில்தான் போக்குவரத்து.

ஒரு நாள் விடியலில் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஓர் ஒலி எழுந்தது, அவ்வளவுதான். முகப்பு விளக்கு நன்றாக எரிந்தது, ஹாரனும் ஒலித்தது. ஆனால் எஞ்சின் அசையவில்லை. மீண்டும் மீண்டும் திருப்பினார். அண்டை வீட்டார் எழுந்து வந்து வண்டியைத் தள்ளிக் கிளப்பி, மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது. அவர்களுக்கு உரிய இயந்திரம் வேறொரு நோயாளிக்குத் தரப்பட்டிருந்தது. மறுநாள் வருமாறு சொன்னார்கள். அன்றிரவு அம்மையாரின் கால்கள் வீங்கின. படுக்க முடியாமல் மூச்சு இரைத்தது. நாற்காலியில் சாய்ந்தபடியே விடியும்வரை இருந்தார்.

மறுநாள் பட்டறையில் காட்டியபோது, 'பாட்டரி முடிந்துவிட்டது' என்றார்கள். ஓய்வூதியத்திலிருந்து பணம் எடுத்துப் புதிய பாட்டரி வாங்கி மாட்டினார் ஆசிரியர். பழையதை விலையில் கழித்துக்கொண்டார்கள். கவலை தீர்ந்தது என்று இருந்தார்.

நான்கு திங்கள் கழிந்தன. மற்றுமொரு விடியலில் அதே 'டக்' ஒலி கேட்டது. இம்முறை பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஆட்டோ ஓட்டும் இளைஞர் அப்போதுதான் தம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வந்து மூடியைத் திறந்து, கைவிளக்கை அடித்துப் பார்த்தார்.

"சார், பாட்டரிக்கு ஒன்றும் இல்லை. முனைதான் பூத்துப் போயிருக்கிறது. அம்மாவிடம் சொல்லி ஒரு செம்பு வெந்நீர் வாங்கிக் கொடுங்கள்" என்றார்.

"தம்பி, இது புதுப் பாட்டரியாயிற்றே?" என்று கேட்டார் ஆசிரியர்.

"பாட்டரி புதிது சார், கவ்வி பழையதுதானே? உப்போடு சேர்த்து அடித்து மாட்டிவிட்டார்கள்."

வெந்நீரை ஊற்றிக் கழுவி, கவ்வியைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து இறுக்கினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். சாவியைத் திருப்பியவுடன் வண்டி கிளம்பியது. ஆறு அடிக்கும் முன் மருத்துவமனை சேர்ந்துவிட்டார்கள்.

முதலில் தூக்கிக் கொடுத்த பழைய பாட்டரியும் உண்மையில் நல்ல நிலையில்தான் இருந்ததோ என்னவோ! அதை இனி அறிய வழியில்லை. "பணம் போனது கூடப் பெரிதில்லை, அவள் அந்த ஓர் இரவு உட்கார்ந்தே கழித்ததுதான் மனத்தை விட்டு அகலவில்லை" என்று ஆசிரியர் என்னிடம் சொன்னார். ஒரு செம்பு வெந்நீரும் பத்து நிமிட உழைப்பும் தடுத்திருக்கக்கூடிய துன்பம் அது.

பூப்பு எங்கிருந்து வருகிறது?

காரில் பயன்படும் பாட்டரி ஈயத்தாலும் கந்தக அமிலத்தாலும் ஆனது. 1859-ஆம் ஆண்டில் காஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிவியலார் கண்டுபிடித்தது இது. வடிவம் மாறியிருந்தாலும் உள்ளே நடக்கும் செயல் இன்றும் அதுவே. பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலாகத் தரும். ஆறும் சேர்ந்து, முழுதும் மின்னேறிய நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் ஆகிறது.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் பாட்டரிக்குள் மின்சாரத்தைத் திரும்பச் செலுத்துகிறது. பாட்டரி நிறையும் தறுவாயில் உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குமிழியிடும். கொதிக்கும் குழம்பு தெறிப்பதைப் போல, குமிழி உடையும்போது அமிலத்தின் நுண்திவலைகள் மேலெழுந்து, மூடியிலுள்ள மூச்சுத் துளைகள் வழியே புகையாக வெளியேறுகின்றன. அவை போய்ப் படியும் இடம் அருகிலுள்ள முனைகளே. முனையைச் சுற்றியுள்ள அடைப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலும் அமிலம் அதன் வழியே மெல்லக் கசிந்து ஏறும்.

இவ்வாறு படியும் அமிலம் ஈயத்தைத் தீண்டும்போது வெண்மையான ஈய சல்பேட் உண்டாகிறது. காற்றின் துணையோடு கம்பியிலும் கவ்வியிலும் உள்ள செம்பைத் தீண்டும்போது நீலமும் பச்சையும் கலந்த செம்பு சல்பேட் உண்டாகிறது. நாட்டு மருந்துக் கடைகளில் மயில்துத்தம் என்று சொல்லப்படும் பொருளே இது. செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதைக் கண்ட நம் தாய்மார்களுக்கு இந்நிறம் புதிதன்று. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இவ்வரிப்பு மேலும் விரைவு பெறுகிறது.

விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை, ஏன்?

ஆசிரியரைக் குழப்பியது இதுதான். 'விளக்கு எரிகிறதே, மின்சாரம் இருக்கிறதே' என்று நினைத்தார். ஒரு சிறு கணக்குப் போட்டால் குழப்பம் நீங்கும்.

முனைக்கும் கவ்விக்கும் இடையே படிந்த உப்பு, மின்சாரத்துக்கு ஒரு தடை. அத்தடை 0.02 ஓம் என்று கொள்வோம், மிகச் சிறியதே. முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். பத்தை 0.02-ஆல் பெருக்கினால் 0.2 வோல்ட். இந்த இழப்பைக் கண் அறியாது. விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாரோ சிறிய காரிலும் 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 150 ஆம்பியர் என்று கொண்டால், அதே தடையில் 3 வோல்ட் இழப்பாகிறது. மோட்டார் சுழலும்போது பாட்டரியின் அழுத்தமும் தானாகவே சற்றுத் தாழும். எஞ்சியதைக் கொண்டு மோட்டார் முனகும், அல்லது 'டக்' என்று ஒலித்து நின்றுவிடும்.

பெரிய குளத்தில் நீர் நிறைந்திருக்கிறது. மதகில் சேறு அடைத்திருக்கிறது. ஒரு குடம் மொள்ளுவதற்கு அந்நீர் போதும். வயலுக்குப் பாய்ச்ச முடியாது. அதற்காகக் குளத்தில் நீர் இல்லை என்று சொல்லலாமா? மதகைத் துப்புரவு செய்வதன்றோ முறை!

இத்தடை இன்னொரு தீங்கும் செய்யும். ஆல்டர்னேட்டர் அனுப்பும் மின்சாரமும் இதே முனை வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். வழி அடைபட்டால் பாட்டரி ஒருநாளும் முழுதாக நிறையாது. அரைகுறையாகவே கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, நல்ல பாட்டரியும் உண்மையாகவே காலத்துக்கு முன் கெடும். முனையை மாதக்கணக்கில் கவனியாது விடுபவர், இறுதியில் பட்டறைக்காரர் சொன்ன சொல்லைத் தாமே மெய்யாக்கிவிடுகிறார்.

துப்புரவு செய்யத் தேவையானவை

எல்லாம் வீட்டிலேயே கிடைப்பவை. ஆப்பத்துக்கு இடும் சமையல் சோடா ஒரு மேசைக்கரண்டி, அதைக் கரைக்க ஒரு பெரிய தம்ளர் வெதுவெதுப்பான நீர், ஒரு பழைய பல்துலக்கி, உப்புத்தாள் ஒரு துண்டு, கந்தைத் துணிகள், கழுவுவதற்கு ஒரு வாளி நல்ல நீர், கவ்வியின் மரைக்குப் பொருந்தும் ஸ்பானர் ஒன்று. பல சிறு கார்களுக்குப் பத்தாம் எண் ஸ்பானர் பொருந்தும். இறுதியில் பூசுவதற்கு வாசலைன் எனப்படும் பெட்ரோலியம் ஜெல்லி. கைக்கு ரப்பர் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். உடுத்துவது பழைய துணியாக இருக்கட்டும். அமிலம் ஒரு துளி பட்டாலும் பருத்தித் துணி அடுத்த சலவையில் ஓட்டையாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே என்று பாட்டரி முனைக்கும் புளியோ எலுமிச்சையோ தேய்க்க வேண்டா. அமிலத்தால் வந்த கேட்டை அமிலத்தால் நீக்க முனைவதாகும் அது. சோடா காரத்தன்மை உடையது. அமிலத்தோடு சேர்ந்து அதைச் செயலற்றதாக்குகிறது. அதனால்தான் ஊற்றியவுடன் நுரைக்கிறது. அந்நுரை கரியமில வாயு.

செய்யும் முறை

முதலாவதாக, வண்டியைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, விளக்கு முதலிய அனைத்தையும் நிறுத்திச் சாவியை எடுத்துவிடுக. வண்டி ஓடி வந்த உடனே தொடங்காமல் சற்று ஆறவிடுக. கையிலுள்ள மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்தல் வேண்டும். இரண்டு முனைகளையும் ஓர் உலோகம் ஒருசேரத் தொட்டால், அது நொடிப்பொழுதில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும்.

இரண்டாவதாக, நீர் ஊற்றும் மூடிகள் உள்ள பாட்டரியாயின் அவை இறுக மூடப்பட்டுள்ளனவா என்று பார்க்கவும். சோடா நீர் ஒரு துளியும் உள்ளே போகலாகாது. வெளியே உள்ள அமிலத்தை அது எவ்வாறு செயலறச் செய்கிறதோ, அவ்வாறே உள்ளே உள்ளதையும் கெடுத்துவிடும்.

மூன்றாவதாக, கழற்றும் வரிசை. இதை மறத்தலாகாது. கழித்தல் குறியிட்ட முனையையே முதலில் கழற்ற வேண்டும். பெரும்பாலும் கறுப்புக் கம்பி அதுவே. இன்றைய கார்களில் அம்முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. கூட்டல் முனையை முதலில் கழற்ற முயலும்போது ஸ்பானரின் மறுநுனி வண்டியின் உடலில் பட்டால், பாட்டரியின் முழு மின்சாரமும் ஸ்பானர் வழியே பாய்ந்து தீப்பொறி பறக்கும். கழித்தல் முனையை முன்னரே விலக்கிவிட்டால் அந்த இடர் இல்லை. பழைய ஆங்கிலேய வண்டிகள் சிலவற்றில் கூட்டல் முனை உடலோடு இணைந்திருக்கும். அத்தகைய வண்டியை வைத்திருப்போர், உடலோடு இணைந்த முனையை முதலில் விலக்குக. இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டிவிடாதிருக்கக் குறியைப் பார்த்துக்கொள்க. கூட்டல் முனை சற்றுப் பருமனாகவும் இருக்கும்.

நான்காவதாக, கவ்வி வர மறுத்தால் சுத்தியலால் தட்டுவதும், திருப்புளியை இடையில் கொடுத்து நெம்புவதும் கூடா. முனை ஈயத்தால் ஆனது, மென்மையானது. நெம்பினால் அதன் அடைப்பு வெடித்து, அமிலம் கசிய நாமே வழி செய்தவராவோம். வெந்நீரைச் சிறிது ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, மரையை நன்கு தளர்த்திவிட்டுக் கவ்வியை இடமும் வலமுமாக மெல்ல அசைத்தால் வந்துவிடும். கழற்றிய கம்பிகள் தாமாகத் திரும்பி முனையைத் தொட்டுவிடாதபடி துணியைச் சுற்றி ஒதுக்கி வைக்கவும்.

ஐந்தாவதாக, சோடா நீரை முனைமீதும் கவ்விமீதும் சிறிது சிறிதாக ஊற்றுக. நுரை பொங்கும். இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். காய்ந்த உப்பை நனைக்காமல் சுரண்டக் கூடாது. அத்தூளில் ஈயம் இருக்கிறது, மூச்சோடு உள்ளே போகும். மீண்டும் ஊற்றித் தேய்க்கவும். நுரை வருவது நின்றால் அமிலம் தீர்ந்தது என்பது பொருள். பின்னர் நல்ல நீரால் கழுவி, பாட்டரியின் மேற்பரப்பையும் சேர்த்து ஈரமின்றித் துடைத்துவிடுக.

ஆறாவதாக, உப்புத்தாளால் முனையின் வெளிப்புறத்தையும் கவ்வியின் உட்புறத்தையும் தேய்த்தல். இவ்விரண்டும் தொடும் இடமே மின்சாரத்தின் வாயில். பலர் மேலே கண்ணுக்குத் தெரியும் உப்பை மட்டும் கழுவிவிட்டு, கவ்வியைக் கழற்றாமலே விட்டுவிடுகின்றனர். வெளியே அழகாயிருக்கும், தடை உள்ளே அப்படியே இருக்கும். ஈயம் புதிதாக மினுங்கும்வரை தேய்த்தால் போதும். அதற்கு மேல் தேய்த்தால் முனை மெலிந்து கவ்வி தளர்ந்துபோகும். கவ்வியோடு சேரும் இடத்தில் கம்பியின் செம்பு இழைகள் பச்சை நிறமாகி அறுந்திருந்தால் துப்புரவு செய்து பயனில்லை. கம்பியையும் கவ்வியையும் மாற்றிவிட வேண்டும்.

ஏழாவதாக, மாட்டும் வரிசை. கழற்றியதற்கு நேர்மாறாக, கூட்டல் முனையை முதலிலும் கழித்தல் முனையை இறுதியிலும் மாட்டுக. கவ்வியைக் கையால் அடிவரை அழுத்தி இறக்கிய பின் மரையை இறுக்கவும். கையால் திருகினால் கவ்வி அசையாதிருக்க வேண்டும். அந்த அளவு போதும்.

இறுதியாக, வாசலைனை முனைமீதும் கவ்விமீதும் மெல்லியதாகப் பூசிவிடுக. இதை இறுக்கிய பின்னரே பூச வேண்டும். அமிலப் புகையும் ஈரக்காற்றும் உலோகத்தைத் தீண்டாமல் தடுப்பதே இதன் வேலை. சமையல் எண்ணெயைப் பூசினால் நாளடைவில் பிசுக்காகித் தூசியைச் சேர்க்குமேயன்றிக் காக்காது.

புதிய வகை வண்டி வைத்திருப்போருக்கு ஒரு சொல். பாட்டரியைக் கழற்றினால் கடிகாரம், வானொலி, கண்ணாடி ஏற்றும் அமைப்பு முதலியன தம் நினைவை இழக்கக்கூடும். சில வானொலிகள் மீண்டும் பாட இரகசிய எண்ணைக் கேட்கும். சில வண்டிகளில் கழித்தல் முனையின் கவ்வியோடு ஒரு சிறு உணர்கருவியும் பொருத்தப்பட்டிருக்கும். அதை நெம்பினால் உடைந்துவிடும். ஆதலால் வண்டியோடு தந்த கையேட்டை முதலில் படித்துக்கொள்வது நலம்.

மீண்டும் பூக்காதிருக்க

துப்புரவு செய்வது பாதி வேலை. பூப்பைத் தடுப்பது மறுபாதி.

நீர் ஊற்றும் வகைப் பாட்டரியில் திங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். தகடுகள் நீருக்கு வெளியே தெரியலாகாது. பாட்டரியின் பக்கத்தில் மேல்கோடும் கீழ்க்கோடும் போட்டிருந்தால் அவ்விரண்டுக்கும் இடையே இருத்தல் முறை. ஊற்றுவது காய்ச்சி வடித்த நீராகவே இருத்தல் வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் தம்மிலுள்ள உப்புக்களால் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் ஊற்றவே கூடாது; பாட்டரியில் குறைவது பெரும்பாலும் நீரேயன்றி அமிலமன்று. 'நிறைய ஊற்றினால் நெடுநாள் வரும்' என்று கழுத்துவரை நிரப்புவோர் உண்டு. அந்த மிகுதி, மின்னேறும்போது பொங்கி வழிந்து முனைகளிலேயே வந்து சேரும். பூப்புக்கு இது ஒரு பெரிய காரணம்.

பாட்டரியை இருக்கையோடு பிணைக்கும் பட்டை தளர்ந்திருந்தால், வண்டி குலுங்கும்போதெல்லாம் பாட்டரியும் குலுங்கும். முனையின் அடைப்பு விட்டுப்போகும். அப்பட்டையையும் இறுக்குக. பாட்டரியின் தலையில் தூசியும் ஈரமும் சேர விடலாகாது. ஈரத்தூசி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லிய பாதை போட்டு, வண்டி நின்றிருக்கும்போதே மின்சாரத்தைக் கசியவிடும்.

முறையாகத் துடைத்துப் பூசிய பின்னும் சில வாரங்களிலேயே மீண்டும் உப்புப் பூத்தால், காரணம் வேறிடத்தில் இருக்கிறது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால், எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் அழுத்தத்தை அளக்கச் செய்க. வழக்கமாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். 15-ஐ நெருங்கினால் ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறி மின்னேற்றுகிறது. பாட்டரி கொதித்துப் புகைவிடுகிறது. அதைச் சரிசெய்யாமல் முனையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போலாம்.

மூன்று திங்களுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பது பொதுவாகப் போதும். கடலோரத்தார் ஐப்பசி மழைக்கு முன்னும் மழை ஓய்ந்த பின்னும் தவறாமல் பார்ப்பது நன்று. நீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பாட்டரிகளில் பூப்பு குறைவு; ஆனால் அறவே இல்லை என்று எண்ண வேண்டா.

எல்லாக் குற்றமும் முனையினுடையதன்று

முனை துப்புரவாக இருந்தும் வண்டி கிளம்பவில்லையெனில் பாட்டரியையே சோதிக்க வேண்டும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால், 12.6 வோல்ட் இருப்பின் நிறைவு, 12.2 இருப்பின் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் வெறுமை. வெறுமையாயிருப்பது வேறு, கெட்டுப்போவது வேறு. வெளியே மின்னேற்றிய பின்னும் ஓரிரு நாளில் தானே இறங்கிவிட்டால்தான் பாட்டரி முடிந்தது என்று கொள்ளலாம்.

முனையைச் சோதிக்கவும் ஓர் எளிய வழி உண்டு. மல்டிமீட்டரின் ஒரு நுனியை ஈய முனையின் தலையிலும், மறுநுனியை அதைப் பற்றியுள்ள கவ்வியிலும் வைத்துக்கொண்டு, மற்றொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்க. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருத்தலாகாது. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவை தொடவில்லை, இடையில் உப்பு இருக்கிறது என்பது உறுதி. பட்டறையில் புதிய பாட்டரி வாங்கச் சொல்லும்போது, 'முதலில் முனையைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள்' என்று கேட்க வண்டியின் உரிமையாளருக்கு உரிமை உண்டு. கேட்டால் மறுப்பவர் சிலரே. நாம் கேட்பதில்லை என்பதே குறை.

வீட்டாரின் காவலுக்கு

பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றி வெடிக்கவல்லது. ஆதலால் பாட்டரியின் அருகே தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும், மெழுகுதிரி பிடிப்பதும், வாயில் சுருட்டோடு குனிவதும் உயிருக்கு ஊறு. இருட்டாயின் கைவிளக்கே தகும்.

அமிலம் தோலில் பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவுக. கண்ணில் தெறித்தால், கண்ணைத் திறந்து வைத்துக் குறைந்தது பதினைந்து நிமிடம் நீர் ஊற்றிக்கொண்டே இருந்து, பின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணுக்குச் சோடா நீர் கூடவே கூடாது.

ஈயம் சிறுவருக்குக் கொடிய நஞ்சு. வளரும் மூளையைத் தாக்கும். எனவே வேலை நடக்கும்போது குழந்தைகளை அப்பால் இருத்துக. துடைத்த கந்தையையும் தாளையும் ஒரு பையில் கட்டி ஒதுக்கிவிடுக. கழுவிய நீர் கிணற்றடிக்கும் கீரைப் பாத்திக்கும் ஓட விடலாகாது. அந்தப் பல்துலக்கி மீண்டும் சமையலறைக்குள் நுழையக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொடவும்.

பயன்பாடு முடிந்த பாட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டு உடைக்கவிடுவதும் முறையன்று. உடைத்தால் ஈயமும் அமிலமும் மண்ணில் கலக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறைப்படி ஈயத்தை மீட்க நம் நாட்டில் 2001-லேயே விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2022-இல் விரிவான விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுப்பது எளிய வழி.

காரில்லாத குடும்பங்களும் இதை ஒதுக்க வேண்டா. மின்தடைக்கு உதவும் இன்வெர்ட்டரின் பாட்டரிக்கும், உழவர்தம் டிராக்டருக்கும் இதே நோய், இதே மருந்து. இன்வெர்ட்டராயின், அதை முற்றிலும் அணைத்து, சுவரிலிருந்து செருகியையும் எடுத்த பிறகே கை வைத்தல் வேண்டும்.

அந்த ஆசிரியர் இப்போது ஒவ்வொரு திங்களும் முதற் சனிக்கிழமை மாலையில் மூடியைத் திறந்து பார்க்கிறார். பக்கத்து வீட்டு இளைஞர் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அம்மையார் சமையல் சோடாவில் ஒரு சிறு பொட்டலம் அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார். அதன் பின்னர் ஒரு விடியலும் அவர்களுக்குத் தாமதமாகவில்லை. உங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியும் ஏதோ ஓர் இரவில் ஓர் உயிருக்காக அழைக்கப்படலாம். அந்த இரவு வருமுன், இவ்வாரமே ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.